செஸ்னா 172 எமர்ஜென்சி செக்லிஸ்ட்: எதை மனப்பாடம் செய்வது, எதைப் பார்த்துப் படிப்பது?

கேள்வி (பயிற்சி மாணவன்)

வணக்கம். இதுவரை 31 மணி நேரம் பறந்திருக்கிறேன், எல்லாம் செஸ்னா 172எஸ். போன வாரம் 2,500 அடியில் போய்க்கொண்டிருந்தபோது இன்ஸ்ட்ரக்டர் த்ராட்டிலை (இன்ஜின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் பிடி) முழுக்க இழுத்துவிட்டு, "இன்ஜின் போயிடுச்சு, இப்ப என்ன பண்ணுவே?" என்றார். நான் உடனே செக்லிஸ்ட் கார்டைத் தேடினேன். அது சீட்டுக்கு அடியில் போயிருந்தது. எடுத்து, பக்கத்தைப் புரட்டி முதல் வரியைப் படிப்பதற்குள் வேகம் 55 நாட்டுக்கு (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) இறங்கிவிட்டது. அவர் பேசாமல் கன்ட்ரோலை வாங்கிக்கொண்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

இன்னொரு குழப்பம். அந்தக் கார்டு நான் ஆன்லைனில் வாங்கியது. மேலே 'செஸ்னா 172' என்று மட்டும் இருக்கிறது. அதில் கிளைடு வேகம் (இன்ஜின் இல்லாமல் மிதந்து இறங்குவதற்கான வேகம்) 65 நாட், விமானத்தில் இருக்கும் மேனுவலில் 68. கார்டில் 'கார்புரேட்டர் ஹீட் ஆன்' (கார்புரேட்டருக்குச் சூடான காற்றைத் திறந்துவிடுவது) என்று ஒரு வரி வேறு. எங்கள் விமானத்தில் அந்தக் குமிழையே காணோம். மேனுவல் முழுவதையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

பதில் 1 (ஏடிஆர் என்ற இரட்டை இன்ஜின் பயணிகள் விமானத்தின் துணை விமானி)

தம்பி, அந்தக் கார்டை இன்றைக்கே தூக்கிப் போடுங்கள். 65 நாட், கார்புரேட்டர் ஹீட் எல்லாம் 172என் மாதிரியான பழைய மாடல்களின் கணக்கு. உங்கள் 172எஸ் ஃபியூல் இன்ஜெக்‌ஷன் இன்ஜின். அதில் கார்புரேட்டரே கிடையாது, அப்புறம் குமிழ் எங்கிருந்து வரும்?

மேனுவலில் மூன்றாம் அத்தியாயம்தான் எமர்ஜென்சி. அதில் சில வரிகள் தடித்த எழுத்தில் இருக்கும். மனப்பாடம் செய்ய வேண்டியவை அவ்வளவுதான். பறக்கும்போது இன்ஜின் நின்றால்: வேகம் 68, எரிபொருளை அடைக்கும் ஷட்-ஆஃப் வால்வ் உள்ளே தள்ளி, அதாவது திறந்து, இருக்கிறதா, ஃபியூல் செலக்டர் இரண்டு டாங்கிலும், பம்ப் ஆன், மிக்ஸ்சர் ரிச் (காற்றோடு கலக்கும் எரிபொருள் அதிகமாக), இக்னிஷன் சாவி 'போத்' நிலையில். ஆனால் டேக்-ஆஃப் முடிந்த கையோடு நின்றால் அது வேறு பட்டியல். அங்கே ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பு மடல்) மேலே இருந்தால் 70, கீழே இருந்தால் 65. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அதே அத்தியாயத்தின் பின்பாதியில் ஒவ்வொன்றையும் ஏன் செய்கிறோம் என்று பத்தி பத்தியாக விளக்கம் இருக்கும். மாணவர்கள் அதைப் புரட்டுவதே இல்லை. நானும் புரட்டியதில்லை, லைசென்ஸ் வாங்கி இரண்டு வருஷம் கழித்துத்தான் படித்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

காரணம் தெரியாமல் வரியை மட்டும் வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க்கில் ஹட்சன் ஆற்றில் விமானம் இறங்கியதைப் பாருங்கள். 2009 ஜனவரி 15, ஏர்பஸ் ஏ320. சுமார் 2,800 அடியில் வாத்துக் கூட்டம் மோதி இரண்டு இன்ஜினும் போய்விட்டன. துணை விமானி ஸ்கைல்ஸ் எடுத்த செக்லிஸ்ட், 20,000 அடிக்கு மேல், நேரம் கையில் இருக்கும்போது இன்ஜின் போவதை நினைத்து எழுதியது. மூன்று பக்கம். அவர்களிடம் இருந்ததோ மூன்றரை நிமிடம். முதல் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. நீரில் இறங்கும்போது அழுத்த வேண்டிய டிட்சிங் பட்டன் வரைக்கும் போகவே இல்லை. ஆனால் கேப்டன் சல்லன்பர்கர், பட்டியலில் பின்னால் வரும் ஏபியு-வை (மின்சாரம் தரும் சின்னத் துணை இன்ஜின்) யாரும் படிக்கும் முன்பே ஓட விட்டுவிட்டார். மின்சாரம் போகாமல் இருந்தது. 155 பேரும் பிழைத்தார்கள். அவர் மனப்பாடம் செய்து வைத்திருந்தது வரிசையை அல்ல, காரணத்தை.

அதற்காகக் கார்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் ஓட்டும் ஏடிஆர் வகையிலேயே, 2015 பிப்ரவரி 4 அன்று தைபேயில் டேக்-ஆஃப் ஆன கொஞ்ச நேரத்தில் வலது இன்ஜின் சக்தி இழந்தது. கேப்டன் அவசரத்தில் இடது த்ராட்டிலை இழுத்துவிட்டார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் அது. 43 பேர் இறந்தார்கள். அதனால்தான் எங்களுக்கு எந்த இன்ஜினை அணைப்பதானாலும் ஒருவர் கை வைப்பார், இன்னொருவர் பார்த்து 'கன்ஃபர்ம்' சொல்வார், அப்புறம்தான் அசைப்போம். உங்களுக்குப் பக்கத்தில் ஆள் இல்லாதபோது அந்த இன்னொருவர் கார்டுதான். முதலில் விமானத்தைப் பறக்க விடுங்கள், கையால் செய்யுங்கள், பிறகு கார்டைப் பார்த்து விட்டுப்போனதைப் பிடியுங்கள்.

பழக ஒரு வழி: நிறுத்தி வைத்த விமானத்தில் உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் பெயர் சொல்லித் தொடுங்கள். திருப்ப வேண்டாம், தொட்டால் போதும். கண்ணை மூடிக்கொண்டு கை தானாகப் போகிற வரைக்கும்.

பதில் 2 (பராமரிப்பு இன்ஜினியர்)

மேலே சொன்னது சரி. ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். மேனுவலின் முதல் பக்கத்தில் சீரியல் நம்பர் இருக்கும். அது விமானத்தில் உள்ள தகட்டோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். புதிதாகக் கருவி ஏதாவது பொருத்தியிருந்தால் அதற்கான இணைப்பு ஒன்பதாம் அத்தியாயத்தில் இருக்கும், சில சமயம் எமர்ஜென்சி வரிகளும் அதில் மாறும். ஒருமுறை ஒரு விமானத்தில் பக்கத்து விமானத்தின் புத்தகத்தைப் பார்த்தேன். எத்தனை மாதமாக அப்படி இருந்ததோ!

கேள்வி கேட்டவர்

நன்றி அண்ணா. சீரியல் நம்பர் பொருந்துகிறது, பார்த்துவிட்டேன். பள்ளியில் கேட்டதும் அவர்களுடைய கார்டையே கொடுத்தார்கள், 68 என்றுதான் இருக்கிறது. நேற்று சாயங்காலம் ஹேங்கரில் அரை மணி நேரம் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். பம்ப் ஸ்விட்சுக்குப் பதிலாக இரண்டு முறை லைட் ஸ்விட்சில் கை போனது. இன்றைக்கும் போய் உட்காரப் போகிறேன்.