பற்றரி கழுவிய தண்ணீர் கிணற்றுப் பக்கம் போகிறது, ஈயத்தை எப்படி எடுப்பது?

மாங்குளத்தான்:
எங்கள் வளவுக்குப் பக்கத்துக் காணியில் ஒரு கராச். உழவு மெஷின் பற்றரிகளை உடைத்து, அசிட்டை நிலத்திலேயே ஊற்றிக் கழுவுகிறார்கள். எங்கள் கிணறு அங்கிருந்து 40 அடிதான். தண்ணீரில் மணமும் இல்லை, நிறமும் இல்லை. அம்மா கொதிக்க வைத்து ஆறவிட்டுத்தான் தருகிறா, அது காணாதா? குழாய்க் கிணற்றில் தேத்தண்ணி கறுத்துப்போகிறது என்றுதான் இந்தக் கிணற்றுக்கே வந்தோம்.

குளக்கட்டு:
தேத்தண்ணி கறுப்பது இரும்பால், தம்பி. அது பார்க்கத்தான் பயம். வாளிக்கு வாளி உயர்த்தி ஊற்றி ஓர் இரவு விட்டால், காற்றுப் பட்டுச் செம்மண் மாதிரி அடியில் படியும், பிறகு மணலில் வடிக்கலாம். ஈயம் அப்படிக் காட்டிக்கொடுக்காது. கொதிக்க வைத்தால் தண்ணீர்தான் ஆவியாகும், ஈயம் மிஞ்சிய தண்ணீரில் இன்னும் செறிவாக நிற்கும். குளோரின் போட்டாலும் சாவது கிருமிதான்.

பனங்காட்டான்:
கிணற்றை விடுங்கோ, கராச்சில் தொடங்குங்கோ. கழுவும் தண்ணீரை நிலத்தில் விடாமல் பிளாஸ்டிக் பரலில் பிடித்து, சுண்ணாம்புக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கலக்கினால் அசிட் முறியும், பிஎச் (அசிட்டா காரமா என்று காட்டும் அளவு) 9 தாண்டும்போது ஈயம் சேறாகி அடியில் இறங்கும். கண்டபடி கொட்டினால் ஈயம் திரும்பவும் கரையத் தொடங்கும், அதனால் பிஎச் தாள் இல்லாமல் இறங்க வேண்டாம். கலக்கும்போது சூடேறும், கையுறை கட்டாயம். வருகிற வெள்ளைச் சேற்றில் பெரும்பகுதி ஜிப்சம், ஆனால் ஈயமும் அதற்குள்தான். அதை வாழைக்கு ஊற்றினால் பட்ட பாடெல்லாம் வீண், மூடிக் கட்டி வைத்துப் பழைய ஈயம் எடுப்பவர்களிடம் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கோ.

மாங்குளத்தான்:
அவரோடு கதைக்கலாம், எங்கள் ஐயாவின் கூட்டாளிதான். ஆனால் கிணற்றில் ஏற்கெனவே இறங்கியிருந்தால்?

குளக்கட்டு:
இறங்காமலும் இருக்கலாம். ஈயம் மண்ணில் ஒட்டிக்கொள்ளும், ஆனால் அசிட் அதை இளக்கிக் கீழே தள்ளும். சோதிக்காமல் தெரியாது. நீர் வழங்கல் சபையிடம் கேளுங்கோ, "ஈயம் பார்க்கவேணும்" என்று வாயால் சொல்லவேணும், சாதாரணச் சோதனையில் அது வராது. உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு லீற்றருக்கு 0.01 மில்லிகிராம். அதைத் தாண்டினால் ஆர்ஓ (தண்ணீரை மெல்லிய சவ்வினூடாக அழுத்தி வடிப்பது) ஒரு வழி, வவுனியாப் பக்கம் சிறுநீரக வருத்தத்துக்காக வைத்தார்களே, அதே முறை. அதன் கழிவுத் தண்ணீரைத் திரும்பக் கிணற்றடியில் விடாதீங்கோ. முடிவு வரும்வரை குடிக்க, சமைக்க வேறு தண்ணீர் எடுங்கோ. உடுப்புத் தோய்க்க இது போதும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கினமா?

மாங்குளத்தான்:
அக்காவின் மகள், மூன்று வயது. நாளைக்கே போத்தலோடு போகிறேன்.