'எஃபெமரல்' உங்களுக்கு எங்கே எதிர்ப்பட்டது?

கடலூர், மஞ்சக்குப்பம்:
பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் எடுக்கிறேன். எஃபெமரல் என்றால் தற்காலிகம் என்று மனப்பாடம் செய்துவிட்டு, அப்பா பார்க்கும் கான்ட்ராக்ட் வேலையை 'எஃபெமரல் ஜாப்' என்று எழுதியிருந்தாள் ஒரு மாணவி. அங்கே 'டெம்பரரி'தான் சரி. வேலையை நீட்டிக்கலாம், பர்மனென்ட்டும் ஆக்கலாம். இயல்பிலேயே சீக்கிரம் மறைந்துபோவதற்குத்தான் எஃபெமரல். இந்தச் சொல்லுக்குள் இருக்கும் 'ஹெமெரா'வுக்குக் கிரேக்கத்தில் நாள் என்று அர்த்தம். ஒரே நாளில் விட்டுப்போகும் காய்ச்சலுக்கு அந்தக் காலத்து மருத்துவர்கள் வைத்த பேர் எஃபெமரல். மார்கழிக் கோலத்தில் சாணி உருண்டைமேல் செருகிய பூசணிப்பூ, வெயில் ஏறினதும் துவண்டுவிடுமே, அதைச் சொன்னதும் வகுப்பு பிடித்துக்கொண்டது. உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்.

புதுச்சேரி, லாஸ்பேட்டை:
டீச்சர், நான் கம்ப்யூட்டர் சர்வர் பார்க்கிறவன். எங்களுக்கு இது அன்றாடச் சொல். பிரவுசரில் ஒரு தளத்தைத் திறந்தால் கம்ப்யூட்டர் தன் பக்கத்தில் ஒரு போர்ட் எண்ணை (வருகிற தகவல் எந்த இணைப்புக்கு என்று அடையாளம் காட்டும் எண்) எடுத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் விட்டுவிடும். அதுதான் எஃபெமரல் போர்ட். 49152 முதல் 65535 வரை இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். லினக்ஸ் என்கிற ஆபரேட்டிங் சிஸ்டம் வேறு எல்லை வைத்துக்கொள்ளும். கிளவுடில், அதாவது இன்டர்நெட் வழியாக வாடகைக்கு எடுக்கும் மெஷினில், எஃபெமரல் ஸ்டோரேஜ் உண்டு, மெஷினை நிறுத்தினால் டேட்டா போச்சு. புதிதாகச் சேருகிற பிள்ளைகளிடம் முதல் நாளே அழுத்திச் சொல்வேன்: இந்தச் சொல் கண்ணில் பட்டால் உடனே பேக்கப் எடு.

புதுச்சேரி, வீராம்பட்டினம்:
இதைப் படித்ததும் எங்கள் கடல் மினுங்கின ராத்திரிதான் ஞாபகம் வந்தது. அலை உடைகிற இடமெல்லாம் நீலம். ஈர மணலை மிதித்தால் காலைச் சுற்றிப் பொறி பறந்தது. ஊரே கரையில் நின்றது, கைக்குழந்தைகளைக்கூடத் தூக்கி வந்துவிட்டார்கள். என் மகள் பாட்டிலில் தண்ணீர் பிடித்து வந்தாள். லைட்டை அணைத்துவிட்டுக் குலுக்கினோம், மின்னியது. குலுக்கக் குலுக்க மங்கி, அப்புறம் வெறும் உப்புத் தண்ணீர். நுண்ணிய மிதவை உயிர்கள் அவை, தண்ணீர் அலம்பினால் ஒளிவிடும். ஒவ்வொன்றும் மின்னுவது நொடியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். இதற்கு எஃபெமரல் பொருந்துமா டீச்சர், 'ஃப்ளீட்டிங்' என்கணுமா?

கடலூர், மஞ்சக்குப்பம்:
இரண்டுமே பொருந்தும் அண்ணா. சட்டென்று கண்ணில் பட்டு மறைந்ததைச் சொல்ல 'ஃப்ளீட்டிங் கிளிம்ப்ஸ்' என்பார்கள். அந்த ஒளியின் சுபாவத்தைச் சொல்ல எஃபெமரல். உச்சரிக்கும்போது அழுத்தம் 'ஃபெ'யில் விழணும், பாப்பாவுக்கும் சொல்லிக்கொடுங்கள்.