‘அபவ் த ஃபோல்ட்’ – தலைமடை எனலாமா?

குழுவினருக்கு வணக்கம்.

‘அபவ் த ஃபோல்ட்’ என்ற வலை வடிவமைப்புச் சொல்லுக்கு இந்த இழையில் இதுவரை நான்கு தமிழ்ச் சொற்கள் வந்திருக்கின்றன: மடிப்புமேல், முதல்திரை, முன்றில், உருட்டாமுன். ஐந்தாவதாக ஒன்றைக் கொண்டுவருகிறேன். அது நான் யோசித்த சொல் இல்லை, மேலூர்க்காரர் ஒருவர் வாயில் வந்தது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு: வலைப்பக்கம் திறந்தவுடன், விரலால் தள்ளாமலே கண்ணில் படுகிற பகுதியைப் பற்றித்தான் பேசுகிறோம். இங்கிலீஷ் செய்தித்தாள்களைப் பாதியாக மடித்துக் கடையில் அடுக்கியபோது மேல்பாதி மட்டும் தெரிந்தது. முக்கியச் செய்தியை அங்கே வைத்தார்கள். வலைக்காரர்கள் அந்தப் பெயரை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஆனால் மதுரையில் டீக்கடைக்கு வந்த பேப்பர் பத்து நிமிடத்தில் நாலு தாளாகப் பிரிந்து நாலு பெஞ்சுக்குப் போய்விடும். வாங்கச் சொல்லி இழுப்பது பெட்டிக்கடை வாசலில் தொங்கும் தலைப்பு போஸ்டர்தான். பேப்பர் மடிப்பு நமக்கு ஒன்றையும் ஞாபகப்படுத்துவதில்லை. ‘மடிப்புமேல்’ என்று வீட்டில் சொல்லிப் பார்த்தேன், சேலையா வேட்டியா என்று கேட்டார்கள்.

‘முதல்திரை’ சினிமா பக்கம் இழுக்கிறது. ‘முன்றில்’ (வீட்டின் முன்னிடம்) அழகான சொல், எனக்கும் ஆசைதான். ஆனால் முதலில் முன்றில் என்றால் என்னவென்று விளக்கி, பிறகு விஷயத்தை விளக்க வேண்டும். ‘உருட்டாமுன்’ பற்றிச் சொல்லவே வேண்டாம். இன்றைய பிள்ளைகளிடம் ‘உருட்டு’ என்றால் புளுகு. ஆலோசனை நிறுவனத்தின் தளத்தில் ‘உருட்டாத பகுதி’ என்று ஒன்று இருப்பது நல்லதுதான், ஆனால் நாம் சொல்ல வந்தது அதுவல்ல.

இப்போது கதைக்கு வருகிறேன். அந்த மேலூர்க்காரர் ஓய்வுபெற்ற மின் பொறியாளர். அரிசி ஆலைகளுக்கு மின்கட்டணத்தைக் குறைக்க ஆலோசனை சொல்லும் தொழில் தொடங்கினார். தளம் வேண்டும் என்று என்னிடம் வந்தார். அவர் கொடுத்த பொருட்கள்: மீனாட்சி அம்மன் கோவில் கோபுரத்தில் தொடங்கிச் சூரியத் தகட்டில் முடியும் ஐந்து படங்கள் (ஒன்றன்பின் ஒன்றாக நகர வேண்டும்), ‘தங்கள் வரவு நல்வரவாகுக’, மாலை போட்டுக் கேடயம் வாங்கும் படம், முப்பத்தைந்து வருடப் பணி வரலாறு. தொலைபேசி எண் எங்கே என்றேன். “அது கடைசியில இருக்குமே தம்பி, எல்லாத்துலயும் அப்படித்தான இருக்கு” என்றார்.

அவர் போனிலேயே திறந்து காட்டினேன். திரை முழுக்கக் கோபுரம். ஆலை முதலாளி ஒருவர் மின்கட்டண ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கத்துக்கு வந்தால் என்ன பார்ப்பார்? கோபுர தரிசனம். கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார். முதலில் தெரிகிற இடத்தில் மூன்றே விஷயம் போதும், யாருக்காக, என்ன செய்து கொடுக்கிறீர்கள், எப்படிக் கூப்பிடுவது என்று நான் நீட்டி முழக்கிக்கொண்டிருக்க, அவர் குறுக்கே புகுந்தார்: “அட, தலைமடைனு சொல்லு. அங்கன பாயிற தண்ணி எங்க ஊர் வரைக்கும் வந்து சேராது. பொறந்ததுல இருந்து பாக்குறேன்.”

தலைமடை என்பது வாய்க்காலின் தொடக்கத்தில், தண்ணீர் முதலில் பாயும் இடம். இதை வெறும் உவமை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. பெரியாறு–வைகைப் பாசனத்தில் பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை இருபோகம், 45,041 ஏக்கர். கள்ளந்திரிக்குக் கீழே மேலூர்ப் பக்கம் ஒருபோகம், 85,563 ஏக்கர். மேலே நிலம் குறைவு, தண்ணீர் இரண்டு தடவை. கீழே நிலம் ஏறக்குறைய இரண்டு மடங்கு, தண்ணீர் ஒரு தடவை, அதுவும் அணையில் இருந்தால். வலைப்பக்கத்தில் பார்வையும் இப்படித்தான் பாய்கிறது. வலைத்தளங்களை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராயும் நீல்சன் நார்மன் குழுமம் 2010இல் வெளியிட்ட கணக்கில், பக்கத்தைப் பார்க்கும் நேரத்தில் 80 விழுக்காடு இந்த முதல் பகுதியிலேயே போனது. 2018இல் அது 57. கீழே தள்ளிப் படிக்கும் பழக்கம் கூடியிருக்கிறது, ஆனாலும் பாதிக்கு மேல் மேலேயே வற்றிவிடுகிறது.

சொல்லை ஏற்றி இறக்கிப் பார்த்தேன். தலைமடையில், தலைமடைப் படம், தலைமடைக்குக் கீழே. வேற்றுமை உருபு ஏறுகிறது, அடை ஏறுகிறது, நாக்கு தடுக்கவில்லை. ‘இந்தப் பொத்தானைத் தலைமடைக்கு ஏத்துங்க’ என்று என்னோடு வேலை பார்க்கும் பையனிடம் சொன்னேன், மறுகேள்வி கேட்காமல் ஏற்றினான்.

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
மதுரை, திருநகரிலிருந்து

மறுமொழி – தஞ்சையிலிருந்து

ஐயா, தலைமடை உங்களுக்கு மட்டும் சொந்தமில்லை, எங்களுக்கும்தான்! ஒரே ஒரு தயக்கம். எங்கள் பக்கம் ‘அவன் தலைமடைக்காரன்’ என்றால் அது பாராட்டில்லை. தண்ணீரை மறித்துத் தன் வயலுக்கே பாய்ச்சுகிறவன் என்று பொருள். தொழில்நுட்பச் சொல்லுக்கு இந்த வசவு ஒட்டிக்கொண்டு வரலாமா?

மறுமொழி – சென்னையிலிருந்து

நான் பக்கங்களுக்கு நிரல் எழுதுகிறவள். தலைமடை என்ற சொல்லையே இன்றுதான் கேள்விப்படுகிறேன், அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். என் சந்தேகம் வேறு. மடை ஓரிடத்தில் கட்டியது, நகராது. இந்த எல்லையோ போனுக்குப் போன் மாறும். மாறும் ஒன்றுக்கு மாறாத ஒன்றின் பெயர் பொருந்துமா?

மறுமொழி – மதுரை, திருநகரிலிருந்து

தஞ்சை ஐயாவுக்கு: அந்த வசவு கூடவே வரட்டும் என்றுதான் நினைக்கிறேன். ஐந்து படம் நகர்கிற அந்தப் பட்டை செய்வது அதேதான், வருகிற பார்வையை எல்லாம் மறித்துக்கொண்டு கீழே விடுவதில்லை. கனமான படமாக இருந்தால் பக்கம் திறக்கவே விடாது. தலைமடையில் உள்ள பெரிய பொருள் இரண்டரை விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. கோபுரப் படம் அதைத் தாண்டிக்கொண்டிருந்தது.

சென்னைத் தங்கைக்கு: நல்ல கேள்வி, இதில் நானே அடிபட்டேன். பகுதியின் உயரத்தை ‘100விஎச்’ (அதாவது முழுத்திரை உயரம்) என்று கொடுத்து, தொலைபேசிப் பொத்தானை அதன் அடியில் வைத்தேன். என் கணினியில் கச்சிதம். பெரியவர் போனில் பொத்தானைக் காணோம். குரோமின் முகவரிப் பட்டை மேலே நிற்கும்போது அந்த அளவு திரையைவிட நீளமாகிவிடுகிறது, அடிப்பகுதி வெளியே போய்விடுகிறது. போதாததற்கு அவர் எழுத்தளவை மிகப் பெரிதாக வைத்திருந்தார், இரண்டு வரித் தலைப்பு ஐந்து வரியானது. அளவை, முகவரிப் பட்டை போக மிஞ்சும் உயரத்தைக் கணக்கிடும் ‘எஸ்விஎச்’ ஆக்கி, பொத்தானைத் தலைப்புக்கு நேர் கீழே ஏற்றிய பிறகுதான் தெரிந்தது. ஆகவே எல்லை மாறும் என்பது சரி. மடையும் அப்படித்தான் அம்மா: மடை இருக்கிற இடம் மாறாது, தண்ணீர் எதுவரை எட்டும் என்பது அணையில் எத்தனை அடி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பக்கத்தின் உச்சி எந்தப் போனிலும் உச்சிதான். எட்டும் தூரம்தான் வேறு. அதனால் விளக்கத்தில் ‘அந்தந்தத் திரையில்’ என்று ஒரு சொல் சேர்த்துவிடலாம்:

தலைமடை – வலைப்பக்கம் திறந்ததும், கீழே தள்ளுவதற்கு முன் அந்தந்தத் திரையில் தெரியும் மேற்பகுதி.

பக்கத்தின் அடிப்பட்டைக்குக் ‘கடைமடை’ என்று யாராவது இப்போதே முன்மொழிவீர்கள். அவசரப்பட வேண்டாம். அதற்கு ‘அடிப்பகுதி’ புழங்கிக்கொண்டிருக்கிறது, ஓடுகிற வண்டியை நிறுத்த வேண்டியதில்லை.

இப்படி எழுதிவிட்டு அனுப்பப் போகும்போது பெரியவர் கூப்பிட்டார். தளத்தைப் பார்த்துவிட்டார். மேலே ‘அரிசி ஆலைகளின் மின்கட்டணம் குறைய வழி சொல்கிறோம்’ என்ற ஒரு வரி, கீழே அவர் எண், அவ்வளவுதான். திருப்திதான். ஒரே ஒரு வேண்டுகோள்: “அந்தக் கேடயம் வாங்குற படத்தைக் கடைமடையிலயாச்சும் போட்டுவிடு தம்பி.”

போட்டுவிட்டேன்.