“கேட்டால் தரவு தரப்படும்”: கேட்டுப் பார்த்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வைகைக்கரை:
ஆய்வுப் பேப்பரின் கடைசியில் “கேட்டால் தரவு தரப்படும்” என்று ஒரு வரி இருக்குமே, அதை நம்பி ஆசிரியருக்கு மெயில் போட்டேன். வெட்டிவேர் மண்ணிலிருந்து காட்மியம் என்ற நச்சு உலோகத்தை எவ்வளவு உறிஞ்சுகிறது என்ற ஆய்வு. சராசரி மட்டும் கொடுத்திருந்தார்கள். தொட்டிவாரியான அளவீடு கேட்டேன். “உங்கள் கைடு யார்?” என்று ஒற்றை வரியில் பதில். என் ஆய்வு வழிகாட்டியின் பெயரைச் சொன்னேன். அப்புறம் எனக்கு எழுதவில்லை, நேரே கைடுக்குப் போன் செய்துவிட்டார். கைடு என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். “நாளைக்கு உன் வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வுக்கு) அவரே எக்ஸாமினரா வரலாம்மா, விட்டுடு.” தரவு இன்றுவரை வரவில்லை.

கடலோரம்:
எல்லோரும் ஒளிக்கிறார்கள் என்று எழுதாதீர்கள். என்னுடையது நோயாளிகளின் தரவு. பெயரை எடுத்துவிட்டாலும், அரிய நோய் என்றால் வயதையும் ஊரையும் வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். கேட்டவரிடம் எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதல் கேட்டேன். கோபித்துக்கொண்டார்.

மூன்றாம் ரிவியூவர்:
கடலோரம் சார், ஒப்புதல் கேட்டது சரி. ஆனால் 2020இல் சர்ஜிஸ்பியர் என்ற தரவுக் கம்பெனி சொன்ன காரணமும் ரகசியக் காப்புதான். 671 மருத்துவமனைகள், 96,032 நோயாளிகள் என்று லான்செட் மருத்துவ ஜர்னலில், ஹைட்ராக்சிகுளோரோகுயின் மருந்து கோவிட் நோயாளிகளுக்கு ஆபத்து என்று ஒரு பேப்பர் வந்தது. அதைப் பார்த்து உலக சுகாதார நிறுவனமே அந்த மருந்துச் சோதனையை நிறுத்தி வைத்தது. தனி ஆய்வாளர்கள் முழுத் தரவைக் கேட்டபோது கம்பெனி தரவில்லை; ஜூன் 4 அன்று பேப்பரைத் திரும்பப் பெற்றார்கள். வெட்டிவேர்த் தொட்டியில் எந்த நோயாளியின் ரகசியம் இருக்கிறது?

என் அனுபவம்: ஒரு ஜர்னலுக்கு வந்த பேப்பரை ரிவியூ செய்தபோது, வெட்டாத வெஸ்டர்ன் பிளாட் படம் (புரதங்களைக் காட்டும் சோதனைப் படம்) கேட்டேன். பேப்பரையே வாபஸ் வாங்கிவிட்டார்கள். பிறகு அதே படம், அதே ஓரத்தில் வெட்டியபடி, வேறு ஜர்னலில் அச்சாகி வந்தது. மாலிகுலர் பிரெய்ன் ஜர்னலின் எடிட்டர் மியாகாவா 2020இல் எழுதியதைப் படித்தபோது இதுதான் நினைவுக்கு வந்தது. அவர் 41 பேப்பர்களுக்கு மூலத் தரவு கேட்டார். 21 வாபஸ். மீதி இருபதில் 19க்கு வந்த தரவு போதாமல் நிராகரித்தார்.

ஆய்வகத்து ஆள்:
எனக்கும் ஒருமுறை பதில் வந்தது, ஆனால் ஸ்கேன் செய்த பிடிஎஃப், எண்களே படிக்க முடியவில்லை. அது போகட்டும். வைகைக்கரை, தனி மெயிலோடு நிற்காதீர்கள், எடிட்டருக்கு எழுதுங்கள். ஆசிரியர் கொடுத்த வாக்கை ஜர்னல் அச்சிட்டிருக்கிறது, கேட்க வேண்டிய பொறுப்பு அவர்களுக்கும் உண்டு. உங்கள் தீசிஸ் தரவை ஜெனோடோ என்ற இணையத் தரவுக் களஞ்சியத்தில் இப்போதே போட்டுவிடுங்கள். இலவசம், டிஓஐ என்ற நிரந்தர அடையாள எண்ணும் கிடைக்கும். எக்ஸெல்லில் ஒவ்வொரு நெடுவரிசையும் என்ன, எந்த அலகு என்று தனி ரீட்மீ கோப்பில் எழுதுங்கள். விட்டுப்போன அளவீட்டுக்குப் பூஜ்யம் போடாதீர்கள். அடுத்த ஆய்வைத் தொடங்கும் முன்பே திட்டத்தை ஓஎஸ்எஃப் (ஓப்பன் சயின்ஸ் ஃபிரேம்வொர்க்) இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். ரெஜிஸ்டர்ட் ரிப்போர்ட் வாங்கும் ஜர்னல் கிடைத்தால் இன்னும் நல்லது: முடிவு தெரியும் முன்பே முறையைப் பார்த்து ஏற்றுக்கொள்வார்கள். கார்டெக்ஸ் ஜர்னல் 2013லேயே ஆரம்பித்துவிட்டது.

வைகைக்கரை:
எடிட்டர் யோசனைக்கு நன்றி. மெயிலில் கைடு பெயரையும் சேர்க்க வேண்டுமா, என் பெயர் மட்டும் போதுமா? இதைச் செய்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.