நீலகிரி மலை ரயில் மாடல், 180 செ.மீ. பலகையில்: எந்த ஸ்கேல்? படம் ஏன் பொம்மை மாதிரியே வருகிறது?

கல்லாறு_கேட்:

சென்னையில் ஃபிளாட். ஹாலில் ஒரு சுவர் ஓரமாக 180 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலத்துக்குப் பலகை போட வீட்டில் சம்மதம் வாங்கிவிட்டேன். (நிபந்தனை: அறுக்கிற, தேய்க்கிற வேலை எல்லாம் பால்கனியில்.) செய்ய நினைப்பது மேட்டுப்பாளையம் – குன்னூர் மலைப் பாதையில் கல்லாறு தாண்டி ஒரு துண்டு. பாறையை வெட்டிய ஓரம், ஒரு கர்டர் பாலம், ஒரு குகை வாய், அவ்வளவுதான். காலம் 1950கள், நிலக்கரி எஞ்சின்.

என்னிடம் இருப்பது 16.5 மி.மீ. இடைவெளியுள்ள தண்டவாளம் கொஞ்சம், இங்கிலாந்து மாடல் சின்ன டேங்க் எஞ்சின் ஒன்று, பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா, ஒரு 50 மி.மீ. லென்ஸ். சோதனைக்காக ஒரு அடி நீளத்துக்குப் பாறை செய்து, எஞ்சினை முன்னால் வைத்து இரண்டு பெட்டியை மேலே இழுப்பது போலப் படம் எடுத்தேன். பாறை நேரில் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, படத்தில் பொம்மைக் கடை மாதிரி இருக்கிறது.

கேள்விகள்: நீலகிரிப் பாதையின் மீட்டர் கேஜுக்கு (தண்டவாள இடைவெளி ஒரு மீட்டர்) இந்தத் தண்டவாளம் சரிவருமா, எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமா? அந்த ஏற்றத்தை மாடலில் எப்படிக் கொண்டுவருவது? படத்தில் என்ன கோளாறு?

பொன்மலை_பழசு:

தம்பி, முதலில் எஞ்சினைப் பின்னால் கொண்டு போங்கள். மலையேறும்போது எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கம்தான், பெட்டிகளைக் கீழிருந்து தள்ளிக்கொண்டு போகும். இறங்கும்போதும் அதே பக்கம்தான் நிற்கும், பெட்டிகள் அதன் மேல் சாய்ந்துகொண்டு வரும். ஏறும்போது முன்னால் போவது பெட்டி, அதன் முகப்பு மேடையில் கொடியோடு பிரேக்ஸ்மேன். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு ஆள் உண்டு, கைப்பிரேக் அவர் கையில். அந்த மனிதர்களை மட்டும் சரியாக வைத்துவிட்டால் பாதி நீலகிரி வந்துவிடும், எந்த ஊர் ரயில் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

இப்போது ஸ்கேல், அதாவது நிஜத்தை எத்தனை மடங்கு சுருக்குகிறோம் என்பது. மீட்டர் கேஜ் 1000 மி.மீ. எச்ஓ என்கிற 1:87இல் அது 11.5 மி.மீ., கடையில் கிடைப்பது 12 மி.மீ. தண்டவாளம். உங்கள் 16.5இன் மேல் 1:87 பெட்டியை வைத்தால் அது ஐரோப்பாவின் அகலமான ஸ்டாண்டர்ட் கேஜ் ஆகிவிடும், நம் மலை வண்டியின் ஒல்லி உருவம் வராது. ஆனால் தண்டவாளத்தைத் தூக்கிப் போடவும் வேண்டாம். ஸ்கேலை 1:64 ஆக்குங்கள். அதில் மீட்டர் கேஜ் 15.6 மி.மீ., உங்களிடம் இருப்பது ஒரு மில்லிமீட்டர்கூட அதிகமில்லை, கண்ணுக்குத் தெரியாது. இன்னொரு லாபம், சின்ன டைகாஸ்ட் கார்கள் பெரும்பாலும் 1:64ஐ ஒட்டித்தான் வருகின்றன, அதனால் ரோட்டில் நிறுத்த வண்டிக்கு அலைய வேண்டாம். மனிதர்களுக்கு 28 மி.மீ. போர் விளையாட்டுப் பொம்மைகளை வாங்கி வாளைப் பிடுங்கிவிட்டு வேட்டி கட்டலாம் :)

எஞ்சினுக்கு அந்த இங்கிலாந்து சேஸிஸை எடுத்து, மேலே பிளாஸ்டிக் ஷீட்டில் புது உடம்பு கட்டுங்கள். நீலகிரிப் பாதையின் எக்ஸ் கிளாஸ் எஞ்சின் சுவிட்சர்லாந்தில் வின்டர்த்தூர் எஸ்எல்எம் தொழிற்சாலையில் செய்தது. 1914 முதல் 1925 வரை வந்தவை ஒரு பக்கம், 1952இல் வந்தவை இன்னொரு பக்கம். ஓட்டும் சக்கரம் எட்டு, பின்னால் சின்னது இரண்டு. முக்கியமான அடையாளம், ஒவ்வொரு பக்கத்திலும் சிலிண்டர் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு. கீழே உள்ளது சாதாரணச் சக்கரத்துக்கு, மேலே உள்ளது, தண்டவாளங்களுக்கு நடுவில் உள்ள பற்சட்டத்தைப் பிடித்து ஏறுகிற பல்சக்கரத்துக்கு. கீழ் சிலிண்டரில் வேலை செய்து முடித்த நீராவியே மலைப்பாதையில் மேல் சிலிண்டருக்குப் போய் மறுபடி வேலை செய்யும். அந்த இரட்டைச் சிலிண்டர் இல்லாமல் நீங்கள் எவ்வளவு பெயின்ட் அடித்தாலும் அது எக்ஸ் கிளாஸ் ஆகாது. காலத்தையும் முடிவு செய்துகொள்ளுங்கள். தெற்கு ரயில்வே உருவானது 1951 ஏப்ரலில், அதற்கு முன் என்றால் பெட்டியில் தென்னிந்திய ரயில்வே எழுத்து வர வேண்டும். எண்ணெய் எரிப்பது எல்லாம் 2000க்குப் பிறகு வந்த சமாச்சாரம், உங்கள் எஞ்சினில் கரி இருக்கட்டும்.

ஏற்றம் 1க்கு 12.5. உங்கள் 180 செ.மீ. பலகையில் 14.4 செ.மீ. ஏற வேண்டும். பல்சக்கரம் இல்லாத மாடல் எஞ்சின் இதில் வழுக்கும். நான் சொல்லும் வழி: பாதையைப் பாதி ஏற்றத்தில், அதாவது 7.2 செ.மீ. ஏறும்படி போடுங்கள். படம் எடுக்கும்போது மட்டும் பலகையின் மேல்முனைக்கு அடியில் இன்னொரு 7.2 செ.மீ. கட்டை. மரம், தந்திக் கம்பம், கட்டடம் எல்லாவற்றையும் கட்டை வைத்த நிலையில் தூக்குக்குண்டு பிடித்து நட்டுவிடுங்கள். கட்டையை எடுத்தால் எல்லாம் இரண்டு டிகிரி சாய்ந்து நிற்கும், வண்டி ஓடுகிற நேரத்தில் அதை யாரும் பார்க்கப்போவதில்லை.

வின்டர்த்தூர்_வாசி:

வணக்கம் அண்ணை. நான் இருக்கிற ஊரிலதான் உங்கட எக்ஸ் கிளாஸ் பிறந்தது, அதால சும்மா கடந்து போக மனம் வரேல்லை.

பொன்மலை ஐயா சொன்ன 1:64 மலிவான வழி, மறுக்கேல்லை. ஆனால் பல்தண்டவாளத்தில உண்மையாவே ஏற வேணுமெண்டால் 12 மி.மீ.க்கு வாங்கோ. பேமோ நிறுவனம் சுவிஸ் மீட்டர் கேஜ் புகையிரதங்களை 1:87இல செய்யுது, பல்தண்டவாளமும் அவையிட்ட இருக்கு. சுவிஸில இருக்கிற ஃபுர்கா மலைப்பாதையும் நீலகிரி மாதிரி ஆப்ட் முறைதான், இரண்டு பற்சட்டம் பக்கத்துப் பக்கத்தில, ஒண்டின்ர பல் மற்றதின்ர இடைவெளிக்கு நேரே வரும். அங்க ஓடின எச்ஜி 3/4 எஞ்சினும் எஸ்எல்எம் செய்ததுதான், இரட்டைச் சிலிண்டர் அடுக்கும் அப்பிடியே இருக்கு. சக்கர அமைப்பு வேற, முன்னுக்கு ஒரு சோடி சின்னச் சக்கரம், பிறகு ஓட்டுற சக்கரம் ஆறு. அந்த எஞ்சின்களில நாலு 1947இல வியட்நாமின்ர தாலாத் பாதைக்கு விலைப்பட்டு, 1990இல திரும்பி வந்த கதை தனிக் கதை. கோடையில ஃபுர்கா பாதையின்ர ரெயால்ப் ஊரில போய் நிண்டால் இண்டைக்கும் நேரில பாக்கலாம்.

விலைதான் பிரச்சினை. புதுசு வாங்க யோசிக்க வேணும், பாவிச்சது தேடுங்கோ. வேகம் மட்டும் கவனம், உண்மையான வண்டி கிட்டத்தட்ட மெதுவா ஓடுற ஆளின்ர வேகம்தான். மாடலை அவசரமா ஓட்டினால் எல்லாம் கெட்டுப்போகும்.

கல்லாறு_கேட்:

இருவருக்கும் நன்றி. 1:64தான், இருக்கிற தண்டவாளத்தோடு பிழைத்துக்கொள்கிறேன். பேமோ பக்கம் எட்டிப் பார்த்தேன், விலையைப் பார்த்து உடனே மூடிவிட்டேன். படம் பற்றி யாராவது சொல்லுங்களேன். லென்ஸ் துளையை எஃப்/22 வரை மூடிப் பார்த்தேன், எஞ்சின் முகம் தெளிவாக இருந்தால் பெட்டி மங்குகிறது, அதோடு மொத்தப் படமும் கொஞ்சம் சோம்பலாக இருக்கிறது.

இருட்டறை:

படம் பொம்மை மாதிரி தெரிவதற்கு மாடல் காரணமில்லை, கேமரா நிற்கிற உயரம்தான் காரணம். நிற்கிற ஆளின் கண் 160 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, 1:64இல் அது 2.5 செ.மீ. உங்கள் டிஎஸ்எல்ஆரைப் பலகையின் மேல் வைத்தாலே லென்ஸின் நடு அதற்கு மேல் போய்விடும், அதாவது நீங்கள் எடுத்தது எல்லாம் மொட்டைமாடியிலிருந்து ரயிலைப் பார்க்கிற படம். பலகையின் முன்விளிம்பில் ஒரு அடி அகலத்துக்குக் கழற்றி மாட்டுகிற மாதிரி துண்டு விடுங்கள், அதைக் கழற்றினால் கேமரா உள்ளே இறங்கும். அதுவரைக்கும் போனைத் தலைகீழாகப் பிடியுங்கள். லென்ஸ் கீழே வந்துவிடும், தரையை ஒட்டிய பார்வை கிடைக்கும். போனின் சென்சார் சின்னது, அதனால் முன்பின் தெளிவும் தானாகவே அதிகம். வெட்கப்பட வேண்டாம், நல்ல நல்ல மாடல் படங்கள் போனில் எடுத்தவைதான்.

50 மி.மீ. லென்ஸில் 40 செ.மீ. தூரத்திலிருந்து எஃப்/16 வைத்தால்கூட தெளிவாக இருக்கும் ஆழம் சுமாராக 6 செ.மீ.தான். உங்கள் எஞ்சின் மட்டுமே அதைவிட நீளம், பிறகு பெட்டி எப்படித் தெளியும்? எஃப்/22க்கு மூடினால் ஆழம் கொஞ்சம் கூடும், ஆனால் சின்னத் துளையில் ஒளி சிதறி மொத்தப் படமும் மழுங்கும். நீங்கள் சொன்ன சோம்பல் அதுதான். எஃப்/8இல் வைத்து, முக்காலியில் மாட்டி, முன்னால் இருக்கும் பஃபரிலிருந்து (முட்டுத்தாங்கி) பின்மலை வரை ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பத்து இருபது படம் எடுத்து, ஹெலிகான் ஃபோகஸ், ஸெரீன் ஸ்டாக்கர் மாதிரி மென்பொருள் ஒன்றில் அடுக்கி, தெளிவான பகுதிகளை ஒரே படமாக்குங்கள். எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ் இரண்டும் மேனுவல். ஃபேனை நிறுத்துங்கள், தேங்காய் நாரில் செய்த மரம் அசைந்தால் அடுக்கும்போது ஒவ்வொரு இலையும் இரண்டாகும்.

புகையும் அதே காரணத்தால் தொல்லை. புகை விடுகிற கருவி பொருத்திய எஞ்சினின் புகை ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு இடத்தில் இருக்கும், அடுக்கினால் கந்தல். ஸ்கேலுக்கும் ஒட்டாது, எஞ்சின் சின்னதாகும், புகை சின்னதாகாது. கருப்புத் துணிக்கு முன்னால் ஊதுபத்திப் புகையைத் தனியாகப் படமெடுத்து, பிறகு கணினியில் சேர்ப்பதுதான் என் வழக்கம். பஞ்சு வேண்டவே வேண்டாம். இன்னொன்று, தள்ளுகிற எஞ்சின் என்பதால் புகை வண்டியின் கடைசியில்தான் எழ வேண்டும், முன்பெட்டிக்காரருக்குச் சுத்தமான காற்று. குகை வாயின் மேல்வளைவில் கரி படிந்திருக்கட்டும்.

வெளிச்சத்துக்கு மேசை விளக்கைப் பக்கத்தில் வைக்காதீர்கள், நிழல்கள் விசிறி மாதிரி விரிந்து குட்டு வெளிப்பட்டுவிடும். சூரிய நிழல் எல்லாம் ஒரே திசையில் இணையாக விழும். பலகையை இரண்டாகப் பிரிக்கிற மாதிரி செய்தால் காலை வெயிலில் மாடிக்குத் தூக்கிப் போகலாம், அதற்கு ஈடான விளக்கை இன்னும் யாரும் விற்கவில்லை. மலை மூட்டம் வேண்டுமென்றால் பின்மலைகளை வெளிறிய நீலச் சாம்பலில் வரைந்து, அதற்கும் பாறைக்கும் நடுவில் வெள்ளைக் கொசுவலையை ஒரு அடுக்கோ இரண்டு அடுக்கோ இழுத்துக் கட்டுங்கள்.

கலிஃபோர்னியாவில் மான்டரேயில் இருந்த ஜான் ஆலன் என்பவரின் படங்களைத் தேடிப் பாருங்கள். தொழிலே புகைப்படம்தான், எச்ஓவில் ஒரு மலை ரயில் கட்டினார். அழுக்கும் துருவும் ஏற்றிப் பழசாக்குவதைப் பலருக்குக் கற்றுத் தந்தவர், முகம் பார்க்கும் கண்ணாடி வைத்தும் பின்னால் போகப் போக அளவைக் குறைத்தும் இடத்தைப் பெரிதாகக் காட்டியவர். 1973 ஜனவரியில் இறந்தார், சில நாளில் தீப்பிடித்து அந்த மாடல் ரயில் அமைப்பும் போய்விட்டது. இன்று நமக்குக் கிடைப்பது அவர் எடுத்த படங்கள்தான். அதனால்தான் சொல்கிறேன், கேமரா எங்கே நிற்கும் என்பதை முதலில் முடிவு செய்து, அந்த இடத்துக்காகவே மலையைக் கட்டுங்கள்.

மூணாம்_லைன்:

இதில்தான் எனக்கு ஒத்துப்போகவில்லை. அப்படிக் கட்டினால் அது நாடக செட், ரயில் இல்லை. ஒரு பக்கம் பார்த்தால் மலை, பின்னால் போனால் தெர்மாகோலும் ஃபெவிகாலும். பக்கத்து வீட்டுக் குழந்தை வந்து எட்டிப் பார்க்கும்போது வண்டி குகைக்குள் போய் அந்தப் பக்கம் வெளியே வர வேண்டும். மேல்முனையில் இன்னொரு அடி நீளம் மறைவாக விடுங்கள், வண்டி போய் மறைந்து நிற்க. கட்டை வைக்கிற யோசனை நன்றாக இருக்கிறது, அதைத் திருடிக்கொள்கிறேன்.

இருட்டறை:

ஒரு அடி மறைவிடம், ஒப்புக்கொள்கிறேன். அந்தக் குகை வாய் எப்படியும் கேமராவுக்கு வேண்டும்.

கல்லாறு_கேட்:

மறைவிடம் சுவர் மூலையில் வருகிறது, அங்கே ஷூ ஸ்டாண்டு இருக்கிறது, பேச்சுவார்த்தை நடத்த வேண்டும். கடைசியாக ஒன்று, தரைக்கும் ஜல்லிக்கும் என்ன போடுவது?

பொன்மலை_பழசு:

ஜல்லி 5 செ.மீ. என்று வைத்தால் 1:64இல் 0.8 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. ஆற்றுமணலைச் சலித்து நைசை விட்டுவிட்டு அந்த அளவை எடுங்கள். கழுவிக் காயவைத்து, காந்தத்தை ஒருமுறை மேலே ஓட்டி இரும்புத் துகளை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மோட்டாருக்குள் போய் ஒட்டும். பரப்பியபின் தண்ணீர் கலந்த ஃபெவிகாலை இரண்டு சொட்டுப் பாத்திர சோப்போடு சொட்டு மருந்து பாட்டிலில் விடுங்கள், சோப்பு இல்லாமல் விட்டால் மணல் உருண்டு உருண்டு ஓடும்.

காட்டுத் தரைக்கு டீ போட்ட சக்கை. வெயிலில் மொறுமொறுவென்று காய வேண்டும், ஈரம் இருந்தால் பூஞ்சை பிடித்து வீடே நாறும், அப்புறம் ஷூ ஸ்டாண்டு பேச்சுவார்த்தை முறிந்துவிடும். தேயிலைத் தோட்டத்தை மட்டும் இந்தத் துண்டில் திணிக்காதீர்கள், கல்லாறு பக்கம் பாக்குத் தோப்பும் காடும்தான். தோட்டம் வேண்டுமென்றால் அது இன்னும் மேலே, அதற்கு வேறு பலகை.