புரொப்பல்லர் ஷாஃப்ட் போல்ட்டுகளின் சரியான டார்க் (முறுக்கு விசை) அளவு: உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். எனது 2012 மாடல் பொலேரோவின் பின்பக்க புரொப்பல்லர் ஷாஃப்ட்டை (இன்ஜின் சக்தியைப் பின் அச்சுக்குக் கொண்டுசெல்லும் தண்டு) கழற்றி, அதன் யூ ஜாயின்ட்களில் (வளைந்து சுழலும் இணைப்புகள்) உள்ள கிராஸ்களை நானே மாற்றியிருக்கிறேன். இனி டிஃபரன்ஷியல் (பின் அச்சின் பல்சக்கரப் பெட்டி) பக்க ஃபிளாஞ்சின் (இணைப்புத் தட்டு) நான்கு போல்ட்டுகளையும் முறுக்க வேண்டும்.

சென்ற முறை ஒரு பட்டறையில் கைக்கணக்கில் முறுக்கியதால், இரண்டே மாதங்களில் ஒரு நட்டு கழன்று விழுந்திருந்தது. இன்னொரு போல்ட்டின் உடல், ஃபிளாஞ்சோடு உராய்ந்து ஒருபுறம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது. குடும்பத்தோடு செல்லும்போது அந்த ஷாஃப்ட் கழன்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நெஞ்சு பதறுகிறது.

யூ ஜாயின்ட் குறுக்கே நிற்பதால் சாக்கெட் நுழைவதில்லை. ரிங் ஸ்பேனர் மட்டுமே எட்டுகிறது. க்ரோஃபுட் அடாப்டரை (முனையில் மாட்டும் ஸ்பேனர் தலை) டார்க் ரெஞ்சுக்கு (முறுக்கு விசையை அளந்து முறுக்கும் கருவி) 90 டிகிரியில் மாட்டினால் நெம்புகோல் நீளம் மாறாது என்பதும், நேராக மாட்டினால் நீளம் கூடி, ரெஞ்சில் வைத்த அளவைவிட அதிகமாக இறுகிவிடும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் 90 டிகிரியில் திருப்ப, சேஸிஸுக்கு அடியில் போதிய இடமில்லை.

இதே வேலையைச் செய்தவர்கள் எவ்வாறு சமாளித்தீர்கள்? சர்வீஸ் மேனுவல் வைத்திருப்பவர்கள், இந்தப் போல்ட்டுகளுக்கான டார்க் அளவைப் பக்கத்தின் படத்தோடு பகிர முடியுமா? புது நைலான் லாக் நட்டுகள் வாங்கிவிட்டேன். மரையில் எண்ணெய் பட்டால் உராய்வு குறைந்து, அதே டார்க்கில் போல்ட் கூடுதலாக இழுபடும் என்பதால், மேனுவல் குறிப்பிடும் அளவு உலர்ந்த மரைக்கானதா என்பதையும் தெரிவித்தால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன். அதுவரை வண்டியை ஸ்டாண்டிலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன்.