இங்க் டிராப்: ‘கலுங்கு’ என்று வைக்கலாமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

அச்சில் மை பரவி எழுத்தின் மூலை அடைத்துவிடாமல் இருக்க, அங்கே முன்கூட்டியே விடும் சின்ன வெட்டுக்கு ஆங்கிலத்தில் இங்க் டிராப் (ink trap) என்று பெயர். அதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்று போன வாரம் நான் கேட்டதற்கு மூன்று சொற்கள் வந்தன: மைப்பொறி, மைத்தேக்கி, கசிவுக்காடி. மூன்றையும் மாணவர்களிடம் கொடுத்து, தங்கள் வேலையைப் பற்றிய அறிக்கையில் போட்டு எழுதிப் பார்க்கச் சொன்னேன். எழுதிப் பார்த்தார்கள். அதற்குள் வேலை நடந்த இடத்திலேயே நான்காவதாக ஒரு சொல் வந்து விழுந்துவிட்டது. எனக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் முதலில் அந்த வேலையைச் சொல்ல வேண்டும்.

மதுரையில் நான் எழுத்துரு சொல்லிக்கொடுக்கும் வகுப்பில் ஐந்து பேர் சேர்ந்து கிறிஸ்துமஸுக்கு எழுத்து பிஸ்கட் செய்கிறார்கள். நெதர்லாந்தில் டிசம்பர் தொடக்கத்தில் வரும் சின்டர்கிளாஸ் பண்டிகைக்குப் பாதாம் விழுதை உள்ளே வைத்து எழுத்து வடிவத்தில் ஒரு பலகாரம் சுடுவார்கள். பங்கெட்லெட்டர் என்று பெயர். அதைப் பார்த்து வந்த யோசனைதான். ஆனால் அங்கே பெரும்பாலும் எஸ், எம் என்று ஒற்றை எழுத்து. இவர்களுக்கு ‘பண்டிகை’ என்ற முழுச் சொல்லும் தட்டில் வைத்தால் தடங்கல் இல்லாமல் படிக்க வர வேண்டும்.

முதல் தட்டு அடுப்பிலிருந்து வெளியே வந்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். ப-வின் உள்பக்க மூலை இரண்டும் உருண்டு, ஏதோ லாடம் மாதிரி ஆகியிருந்தது. ண் இன்னும் மோசம். அதன் மூன்று சுழிகளில் ஒன்று முழுக்க அடைத்துக்கொண்டது. மூணு சுழி ண, ரெண்டு சுழி ன ஆகிவிட்டது. மேலே வைத்த புள்ளி, வெந்த மாவு பரவியதில் எழுத்தோடு ஒட்டிக்கொண்டது. (ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளி வைக்காமலே விட்டார்கள் என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது. எழுதும் பொருள் எதுவோ, அது எழுத்தைத் தன் பக்கம் இழுக்கத்தான் செய்யும்.)

காரணம் லேசானதுதான். அடுப்புச் சூட்டில் வெண்ணெய் முதலில் உருகுகிறது, சர்க்கரை இளகுகிறது. மாவு இறுகி நிற்பது அதற்கப்புறம்தான். நடுவில் இருக்கும் அந்தச் சில நிமிடங்களில் பிஸ்கட் நாலா பக்கமும் நகர்கிறது. இரண்டு கோடுகள் கூடும் மூலையில் இரண்டு பக்கத்து மாவும் ஒரே இடத்துக்கு வருவதால் அங்கேதான் முதலில் அடைக்கும். டிசம்பரிலும் மதுரையில் பகல் 30 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது. மேசையில் வைத்து வெட்டி முடிப்பதற்குள் வெண்ணெய் இளகிவிடும். வெட்டிய எழுத்தைத் தட்டோடு ஃபிரிட்ஜில் வைத்து எடுத்துச் சுட்டபோது கொஞ்சம் தேறியது. மூலை மட்டும் தேறவில்லை.

அச்சுக்காரர்களுக்கு இது பழைய தொந்தரவு. என் அப்பா கம்பாஸிட்டராக, அதாவது அச்சகத்தில் எழுத்துக் கோப்பவராக இருந்தவர். ‘மை அடைச்சிருக்கு’ என்று சொல்லிவிட்டு, மண்ணெண்ணெயில் பிரஷை முக்கி எழுத்தைத் தேய்ப்பார். சுழிக்குள்ளும் மூலையிலும்தான் மை நிற்கும். இதற்கு எழுத்தின் வடிவத்திலேயே வழி செய்தவர்களில் மேத்யூ கார்ட்டரை எல்லோரும் சொல்வார்கள். அமெரிக்காவின் ஏ.டி. அண்ட் டி. நிறுவனத் தொலைபேசி டைரக்டரிக்காக 1978-இல் அவர் செய்து கொடுத்த பெல் சென்டெனியல் எழுத்துருவைப் பெரிதாக்கிப் பாருங்கள். கோடுகள் கூடும் இடத்திலெல்லாம் எலி கடித்த மாதிரி வெட்டு இருக்கும். மலிவான தாளில், பொடி எழுத்தில், வேகமாக ஓடும் அச்சில் மை பரவி அந்த வெட்டை நிரப்பிவிடும். படிக்கிறவர் கண்ணுக்கு மூலை கூராகத் தெரியும். அந்த வெட்டுத்தான் இங்க் டிராப். மாணவர்கள் அதையே மாவில் செய்தார்கள். ப-வின் உள்மூலை இரண்டிலும் சின்னதாக ஒரு வெட்டு. வெந்து வந்தபோது மூலை மூலையாக நின்றது. அந்தத் தட்டைப் பார்த்த சந்தோஷத்தில்தான் போன வாரம் இங்கே எழுதினேன்.

இனி சொல்லுக்கு வருகிறேன்.

மைப்பொறி என்பது டிராப்புக்கு நேர்ச்சொல். எலிப்பொறியில் பொறி சரி. ஆனால் இன்றைக்குப் பொறி என்றால் இயந்திரமும்தான். வகுப்பில் ஒரு பெண் ‘மைப்பொறின்னா பிரிண்டரா சார்?’ என்று கேட்டாள். அவள் கேட்டதில் தப்பே இல்லை. மைத்தேக்கி மின்தேக்கியின் அச்சில் வார்த்த சொல், ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் தேக்கி வைப்பது இங்கே நோக்கம் இல்லை. மிஞ்சியது எழுத்தைக் கெடுக்காமல் போக ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான். கசிவுக்காடியைக் கொடுத்த ஐயாவுக்குத் தனியாக நன்றி. தச்சர்கள் மரத்தில் காடி (நீளப் பள்ளம்) எடுப்பதை நானும் பார்த்திருக்கிறேன், சொல் கைக்கு அடங்கியது. ஆனால் எங்கள் நேரம், இது சமையல் அறிக்கையும்கூட. வினிகருக்கும் தமிழில் காடி என்றுதான் பெயர். ‘மாவில் காடி விடவும்’ என்று எழுதினால் யாராவது ஊற்றிவிடுவார்கள். அப்புறம், மூன்றில் இரண்டு சொற்களில் மை இருக்கிறது. மாவுக்கு வந்தால் அவை நிற்காது. எனக்கு இரண்டுக்கும் பொதுவான சொல் வேண்டும். ‘அச்சு’ அப்படித்தானே இருக்கிறது? அச்சு முறுக்குக்கும் அச்சு வெல்லத்துக்கும் சொல்லும் அதே சொல்லைத்தான் 1578-இல் கொல்லத்தில் தமிழ் நூல் அச்சேறியதற்கும் சொல்கிறோம். பலகாரத்துக்கும் புத்தகத்துக்கும் நம் மொழியில் ஏற்கெனவே ஒரே பட்டறைதான்.

வெட்டும் அச்சு செய்ய எழுகடல் தெருப் பக்கம் ஒரு தகரப் பட்டறைக்குப் போயிருந்தோம். பட்டறைக்காரர் தகரப் பட்டையைக் குறடால் மடித்து மடித்து ப-வைக் கொண்டுவந்தார். உள்மூலையில் வெட்டு விழ வேண்டுமானால் தகரம் அந்த இடத்தில் கோட்டுக்குள் நீட்டிக்கொண்டு போக வேண்டும். அதை எப்படிச் சொல்வது என்று நாங்கள் தாளில் வரைந்துகொண்டிருக்கும்போதே, ‘மூலையில ஒரு மூக்கு விடணும், அவ்வளவுதானே’ என்றார். குறடை ஒரு தடவை அழுத்தி, எடுத்துத் திருப்பினார். மூக்கு வந்துவிட்டது.

பக்கத்தில் நின்ற மாணவனுக்கு மேலூர்ப் பக்கம் ஊர். கண்மாய்ப் பாசன நிலம் உள்ள குடும்பம். அவன் தகரத்தைக் கையில் வாங்கி விரலால் தடவிவிட்டு, ‘கண்மாய்க்குக் கலுங்கு வச்ச மாதிரி இருக்கு சார்’ என்றான்.

எனக்கு அதற்கு மேல் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கண்மாய், அதாவது ஏரி, நிறைந்தால் மிஞ்சிய தண்ணீர் போக ஓர் இடம் விட்டுத்தான் கரை போடுவார்கள். அது இல்லாவிட்டால் தண்ணீர் தானே ஓர் இடத்தில் கரையை உடைத்துக்கொள்ளும். மிஞ்சப் போவது தெரிந்தே முன்கூட்டி இடம் விடுவதுதான் கலுங்கு. எழுத்தின் மூலையில் விடுவதும் அதேதான், அது மையோ மாவோ.

இரண்டு மறுப்புகள் வரும் என்று தெரியும். கலுங்கு தண்ணீரை வெளியே விடுகிறது, இந்த வெட்டோ தானே நிரம்பிவிடுகிறது என்பது ஒன்று. உண்மைதான். ஆனால் சொல் பிடிக்க வேண்டியது மிச்சத்துக்கு இடம் விடும் காரியத்தை. அதை இது பிடிக்கிறது. மற்றது, கண்மாய் இல்லாத ஊர்க்காரர்களுக்கு இது விளங்குமா என்பது. சென்னை நண்பர்களும் ஈழத்து நண்பர்களும் இதைக் கேட்பீர்கள். இது மதுரை வட்டாரத்தோடு நிற்கும் சொல் இல்லை. கலிங்கு, கலிங்கல், கலுங்கு என்று அகராதியிலேயே இருக்கிறது. அதைவிட, அந்தக் காலத்து மதராஸ் பாசன எஞ்சினியர்கள் இதையே எடுத்து ‘காலிங்குலா’ என்று ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டார்கள். ஒருமுறை கலைச்சொல்லாகி வெளியூர் போய்வந்த சொல் இது. வகுப்பில் ஒரு தடவை சொன்னேன், ஐந்து பேரும் அன்று மாலையே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

சொல்லை வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அறிக்கையிலிருந்து இரண்டு வரி: ‘ப-வின் உள்மூலை இரண்டிலும் இரண்டு மில்லிமீட்டர் கலுங்கு வெட்டினோம். ண-வில் கலுங்கு மட்டும் போதவில்லை, சுழிகளையே பெரிதாக்க வேண்டியிருந்தது.’ பொதுவாகச் சொல்லும்போது வெறும் கலுங்கு. பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் மைக்கலுங்கு, மாவுக்கலுங்கு. தகரத்தில் நீட்டிக்கொண்டிருப்பதற்குப் பட்டறைக்காரர் கொடுத்த மூக்கையே வைத்துக்கொண்டோம். அச்சில் மூக்கு, எழுத்தில் கலுங்கு. ஒன்றின் பள்ளம் மற்றதன் மேடு. இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் இருப்பது பட்டறையில் உதவியாக இருக்கிறது. எழுத்துக்கூட்டலில் கலுங்கா கலிங்கா என்றால், எங்கள் வாயில் இருக்கும் கலுங்கையே எழுதுவோம் என்பது என் விருப்பம்.

ஒன்று மட்டும் பாக்கி. உள்மூலை அடைப்பது போல வெளிமூலை மழுங்குகிறது. அதற்கு எதிர்வேலையாக வெளிமூலையில் கூராகக் கொஞ்சம் நீட்டிவிடுகிறோம், வேகும்போது அது கரைந்து சதுரமாகிறது. போட்டோ முறையில் எழுத்துக் கோத்த காலத்தில், ஒளி மூலையை மழுக்கியதால் எழுத்துரு செய்தவர்கள் இதே மாதிரி முள் விட்டார்கள். மாணவர்கள் இதைக் கொம்பு என்கிறார்கள். ஆனால் ‘கெ’-யின் முன்னால் வருவதைக் கொம்பு என்று ஒன்றாம் வகுப்பிலிருந்தே சொல்லிவருகிறோம்; எழுத்துரு அறிக்கையில் அதே சொல்லை இன்னொன்றுக்கு வைக்க முடியாது. முள் என்று வைத்தால் ரோமன் எழுத்தில் கோட்டு முனையில் வரும் சின்ன நீட்டலான செரிஃபோடு குழம்புமோ என்று யோசனையாக இருக்கிறது. உங்கள் ஊர்த் தச்சரோ கொத்தனாரோ மூலையை இப்படி நீட்டி விடுவதற்கு ஏதாவது சொல் வைத்திருக்கிறார்களா? வெள்ளிக்கிழமை அறிக்கை பைண்டிங்குக்குப் போகிறது. அதற்குள் எழுதினால் சேர்த்துவிடுவேன்.